ஃப்ரீசருக்குப் போகாத கொக்கு

பள்ளிப் பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்கு வந்தால் எல்லாவற்றையும் ஓடிக்கொண்டேதான் பார்ப்பார்கள். விண்கல், கல்லாகிப்போன முட்டை, மனிதக் குடலின் மாதிரி எல்லாமே ஓட்டத்தில்தான். அவர்கள் கால் நிற்கிற இடம் ஒன்றே ஒன்று, கட்டடத்தின் பின்பக்கத்தில் இருக்கும் கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம், மீன் தொட்டி மாதிரியான நான்கு தொட்டிகளில், தோல் வண்டுகளும் அவற்றின் மயிர் முளைத்த புழுக்களும் செத்த பிராணிகளின் சதையைத் தின்று எலும்பைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். கத்திக்கும் மருந்துக்கும் வசப்படாத வேலை அது. ஒரு குருவியின் விரல் எலும்பைக்கூட முறிக்காமல் அவை முடித்துக் கொடுத்துவிடும். அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் புழு மேடம். வேலைக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் சம்பளப் பிரிவில்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரிந்தது.

ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள். ஜன்னலைப் பார்த்ததும் முன்வரிசை 'சீ' என்று பின்னால் சாயும். அதில் புழு மேடத்துக்குக் கோபம் கிடையாது. அந்த வயசுப் பிள்ளை சீ என்று சொன்ன வாயை மூடுவதற்குள் மூக்கைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். எது எதைத் தின்கிறது, கண்ணை முதலில் தின்னுமா, நாக்கையா என்று கேட்கும். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது அந்தப் பிள்ளைகளை அழைத்து வருகிற டீச்சர்களைப் பார்த்துத்தான்.

செத்த உடலை மண்ணாக்கும் உயிர்கள் என்று ஒரு முழுப் பாடத்தையே வருஷா வருஷம் நடத்துகிற ஆட்கள், அந்த உயிர்களை நேரில் பார்த்ததும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். "போதும் போதும், எல்லாரும் நகருங்க, அப்புறம் சாப்பாடு எறங்காது" என்று பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். சாப்பாடு எப்படி இறங்குகிறது என்பதை அவள் பின்வாசல் வழியாகப் பார்த்திருக்கிறாள். முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து, கோழிக்காலை எலும்பு வரைக்கும் உறிஞ்சி, அந்த எலும்பை பெஞ்சுக்கு அடியில் போட்டு, எண்ணெய்க் கையைச் சுவரில் துடைப்பார்கள். வண்டு சதையைத் தின்றால் அருவருப்பாம், இவர்கள் தின்றால் உல்லாசப் பயணமாம். அவர்கள் போன பிறகு அந்த பெஞ்சைப் பார்க்கவே அவளுக்குக் கூசும்.

அவளே ஒரு காலத்தில் டீச்சராக வேண்டியவள்தான். விலங்கியல் படித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை என்று இங்கே வந்தாள். அவளுக்கு முன்னால் அந்த அறைக்கு வந்தவர்கள் யாரும் முதல் வாரத்தைத் தாண்டவில்லை. இவள் அங்கேயே தலை நரைத்தாள். நாற்றம் மூன்றே நாளில் பழகிவிட்டது. பழகாதது வீடுதான்.

வீட்டில் அவள் குளித்துவிட்டுத்தான் கூடத்துக்குள் கால் வைக்க வேண்டும். அவள் துணிக்குத் தனிக் கொடி. காய் நறுக்கக் கத்தியை எடுத்தால், "நீ போய் உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று மாமியார் தேனாகப் பேசிக் கத்தியை வாங்கிக்கொள்வார். அவர் சொல்வதில் கரிசனம் சொட்டும், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் நறுக்கிய காய் ஒன்றுகூட அந்த வீட்டு அடுப்பில் ஏறவில்லை. அவள் கணவன் இருக்கிறானே, பேருந்துச் சீட்டைக் கூம்பாகச் சுருட்டிப் பல்லிடுக்கைக் குடைந்து, வந்ததை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொள்கிற மகானுபாவன், அவன் அவள் பக்கத்தில் படுக்கும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வான். அதையெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனிதர்கள் மேலேயே ஒரு ஓங்கரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க வேலை பார்க்கிற அறையில் வராத ஓங்கரிப்பு அது.

விதிவிலக்கு ஒருத்தி இருந்தாள். பறவைக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற பெண். ஒப்பந்த வேலை, இரண்டு பிள்ளைகள், கைகொடுக்க ஆள் கிடையாது. வேலைக்கு வந்த புதிதில் வண்டு அறைக்குள் மூக்கைப் பொத்தாமல் நுழைந்து, தொட்டிக்குள் எட்டிப்பார்த்து, "இதுங்க எங்க வீட்டு ஆளுங்கள விட சுத்தமா சாப்பிடுதேக்கா" என்றாள். புழு மேடம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெருக்குகிறவள் தன் டப்பாவிலிருந்து எடுத்து இவள் தட்டில் வைப்பாள், இவள் கடித்து வைத்த பாதியைக் கேட்காமலேயே எடுத்துத் தின்பாள்.

வண்டு அறைக்கு ஒரு சட்டம் உண்டு. அங்கே சுத்தமான எலும்பு எதுவாக இருந்தாலும் இரண்டு வாரம் ஃப்ரீசரில் கிடந்து விறைத்த பிறகுதான் வெளியே போகலாம். காரணம் எளிது. வண்டுக்குக் காய்ந்த தோலும் ஒன்றுதான், இறகும் ஒன்றுதான். முன்பக்கக் கூடங்களில் நிற்பதெல்லாம் பஞ்சடைத்துப் பாடம் செய்த பறவைகளும் மிருகங்களும். எலும்புப் பொந்துக்குள் ஒளிந்துகொண்டு நாலு புழு வெளியே போனால் போதும், அத்தனையும் தவிடாகிவிடும். இத்தனை வருஷத்தில் இந்தச் சட்டத்தை அவள் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. ஒரு பேராசிரியர் அவசரம் என்று வாசலில் நின்று கெஞ்சியபோதுகூட ஃப்ரீசர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

அப்படிப்பட்டவளை ஒரு பள்ளிக்கூடப் பயணம் சாய்த்தது.

அருங்காட்சியக நிர்வாகக் குழுவின் தலைவர் மகள் ஏழாவது படித்தாள். அவள் வகுப்பு வரப்போகிறது, கூடவே படமெடுக்க ஆட்களும் வருகிறார்கள். அருங்காட்சியக இயக்குநர் இரண்டு நாளாகத் தரையில் கால் பாவாமல் அலைந்தார். அவரும் அறிவியல் படித்தவர்தான், படித்ததையெல்லாம் பதவி தின்றுவிட்டது. முதல் நாள் மாலை வண்டு அறை வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பேசினார். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க முழு எலும்புக்கூடு ஒன்று வேண்டுமாம். மூன்றாம் தொட்டியில் ஒரு கொக்கு அப்போதுதான் முடிந்திருந்தது, கழுத்தெலும்பு ஒன்றுகூடக் குறையாமல். அதைத்தான் கேட்டார்.

அது இன்னும் ஃப்ரீசருக்குள் போகவில்லை, இரண்டு வாரம் ஆகும் என்று அவள் சொன்னாள். வேறு எலும்பு தருகிறேன், பழைய நரி இருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தாள். அவர் அதட்டியிருந்தால் அவள் மசிந்திருக்க மாட்டாள். ஆனால் அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"உங்க கை பட்டா போதும் மேடம். ஃப்ரீசர விட உங்க கையத்தான் நான் நம்பறேன்."

அந்தக் கையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கத்தியைப் பிடிக்க யாரும் விடாத கை, கணவன் தள்ளிவிடுகிற கை. இத்தனை வயசுக்கு மேல் ஒரு பாராட்டுக்கு இப்படி இளகினோமே என்று பிற்பாடு அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கோ "சரி சார்" என்றுவிட்டாள். இருட்டும்வரை உட்கார்ந்து தூரிகையால் ஒவ்வொரு எலும்பாகத் தட்டினாள், மண்டையோட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

மறுநாள் பறவைக் கூடத்தில், பெரிய கழுகின் அலமாரிக்கு முன்னால் மேசை போட்டுக் கொக்கைக் கிடத்தினார்கள். படத்தில் கண்ணாடி பளபளக்கிறது என்று கழுகு அலமாரியின் கதவைத் திறந்து வைத்தார்கள். பிள்ளைகள் கசங்காத சீருடையில் வந்தார்கள். அவர்களுடைய சயின்ஸ் டீச்சர் எல்லாருக்கும் ரப்பர் கையுறை மாட்டிவிட்டார். தொட்டுப் பார்க்கிற வகுப்பில் தொடாமல் தொடுவதற்கு ஒரு ஏற்பாடு. புழு மேடம் கொக்கின் கழுத்து எப்படி வளைகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள், டீச்சர் குறுக்கே வந்து, அதெல்லாம் பரீட்சைக்கு வராது, சீக்கிரம் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு பிள்ளையாக எலும்புக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டியது. எலும்பை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் கேமராவைப் பார்த்தார்கள்.

தலைவர் மகள் மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டு மண்டையோட்டை எடுத்துக் காதோரம் வைத்து மெதுவாக ஆட்டினாள்.

"மிஸ், உள்ள என்னமோ நகருது."

"ஒண்ணும் நகரல. அத வச்சிட்டு இங்க பாரு."

புழு மேடம் இரண்டடி தள்ளி நின்றாள். அவள் காதில் தெளிவாக விழுந்தது. தளர்ந்த எலும்புத் துணுக்காக இருக்கும் என்று நினைத்தாள், அதாவது அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அந்த இடத்திலேயே மண்டையோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். கேமராக்காரர்கள் இருந்தார்கள், இயக்குநர் எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார், அவளும் பதிலுக்குச் சிரித்தாள். கொக்கு மேசையில் பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒரு வாரம் அங்கேயே விட்டுவைத்தார்கள். அந்த ஒரு வாரமும் அவள் பறவைக் கூடத்துப் பக்கமே போகவில்லை.

சில மாதம் கழித்து, பெருக்குகிறவள் ஒரு காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வண்டு அறைக்கு வந்தாள். கழுகுக்கு அடியில் தினமும் தூளாகக் கொட்டுகிறது, எத்தனை தடவை கூட்டினாலும் மறுநாள் கொட்டிக் கிடக்கிறது, இது என்னவென்று பாருங்கள் என்றாள். காகிதத்தைப் பிரித்ததும் புழு மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. தூளோடு தூளாக, புழுக்கள் உரித்துப்போட்ட பழுப்பு நிறச் சட்டைகள். அவள் தினமும் தொட்டி தொட்டியாக வழித்துப் போடுகிற அதே சட்டைகள். வீட்டுக் கம்பளத்திலும் பெட்டியிலும் வருகிற பூச்சி குட்டையாக, உருண்டையாக இருக்கும். இது அது இல்லை.

"நான் பாத்துக்கறேன். நீ யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். பெருக்குகிறவளும் சொல்லவில்லை. இவள் சொன்னால் அதற்குமேல் அவளுக்குக் கேள்வி கிடையாது.

பாத்துக்கறேன் என்றவளால் பார்க்க முடியாத அளவுக்கு முற்றிப்போயிருந்தது. பத்து நாளில் கழுகின் நெஞ்சு மொட்டையானது, ஒரு சிறகு கழன்று விழுந்தது. பக்கத்து அலமாரிகளில் ஆந்தைக்குக் கண் மட்டும்தான் மிச்சம், அதுவும் கண்ணாடிக் கண் என்பதால். கூடத்தைப் பூட்டினார்கள். வரவேண்டிய பள்ளிக்கூடங்களைத் திருப்பி அனுப்பினார்கள். குழு கூடி விசாரிக்கப்போகிறது என்று சேதி வந்தது.

விசாரணைக்கு முந்தைய நாள் இயக்குநர் மறுபடி வண்டு அறை வாசலுக்கு வந்தார். கைக்குட்டை பழையபடி மூக்குக்குப் போயிருந்தது. நடந்ததை அவர் அழகாகத் தைத்து வைத்திருந்தார். தூசி சேர்ந்தது, தூசியில் வீட்டுப் பூச்சி வந்தது, ஒப்பந்த ஆளை மாற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. பூச்சி எந்த வகை என்று சொல்ல இங்கே ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார், அது மேடம்தான். அவர் வேறு மாதிரி சொன்னால் குழு இந்த அறையை மூடிவிடும், அறை இல்லாத இடத்தில் மேடத்துக்கு என்ன வேலை என்று தனக்குத் தெரியவில்லை என்றார். கொக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொக்கு என்று ஒரு பறவை உலகத்தில் உண்டென்றே அவர் கேள்விப்படாத மாதிரி இருந்தார்.

அன்றைக்கு வீட்டில் அவள் தூங்கவில்லை. அறை போனால் பகல் முழுக்க அந்த வீட்டில், அந்தத் தனிக் கொடிக்குக் கீழே. உடம்பைச் சுருக்கிக்கொள்ளாமல் அவள் உட்கார்கிற ஒரே இடம் அந்த அறை. பெருக்குகிறவளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும், சின்ன வயசு, கை கால் நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது, இருந்தாலும் விடியும்வரை விடாமல் சொல்லிக்கொண்டாள்.

நீள மேசையில் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு சின்ன பாட்டிலில் அந்தச் சட்டைகள். ஆளுக்காள் பாட்டிலைத் தங்களிடமிருந்து தள்ளித் தள்ளி வைத்ததில் அது மேசையின் ஓரத்துக்கே வந்துவிட்டிருந்தது. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற டாக்டர் மட்டும் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார்.

"வீட்டுல வர்ற பூச்சிதான் சார். தூசி சேர்ற எடத்துல வரும்."

இவ்வளவுதான் சொன்னாள். இதைச் சொல்ல எத்தனையோ நேரம் ஆகும் என்று நினைத்திருந்தாள், ஒரு மூச்சிலேயே முடிந்துவிட்டது. யாரோ, பெருக்குவதைக்கூட ஒழுங்காகச் செய்ய மாட்டார்களா என்று முகத்தைச் சுளித்தார். பெருக்குகிறவளைக் கூப்பிட்டு, தூசியில் வந்த பூச்சி என்று மேடமே பார்த்துச் சொல்லிவிட்டார், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் இயக்குநர். உட்காரச் சொல்லவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை, வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்.

வெளியே நடைவழியில் புழு மேடம் அவள் முகத்தைப் பார்க்காமல் கடந்துவிடப் பார்த்தாள். அவளோ பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள், குறைந்தது அழுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லிட்டீங்கன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. அந்தக் கழுகுக்குப் பின்னாடி எனக்குக் கை எட்டாது. ஒரு ஸ்டூல் போட்டு ஏறித் தொடச்சிருக்கணும். என் மேலதான் தப்பு." பிடித்த கையை விடாமலே கேட்டாள். "ஒங்களுக்கும் என்னால கெட்ட பேரா போச்சோ?"

புழு மேடத்துக்கு வயிற்றைப் புரட்டியது. அழுகிய நரியைக் கையால் தூக்கியபோது புரட்டாத வயிறு. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், வாயில் கசப்பு வந்தது. பெருக்குகிறவள் பதறிப்போய் முதுகைத் தடவிவிட்டாள். அந்தக் கை முதுகில் பட்டதும் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னத் தொடாத. அது என் வண்டு. கொக்குல இருந்து போச்சு. எனக்கு அப்பவே தெரியும், நீ காயிதத்துல கொண்டாந்தப்பவே தெரியும்."

தடவிய கை நின்றது. பெருக்குகிறவள் அதை எடுத்துக்கொண்டாள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? அங்க போயில்ல சொல்லணும்."

புழு மேடம் திரும்பி உள்ளே போனாள். குழு அதற்குள் டீக்கு மாறியிருந்தது. பிஸ்கட்டை டீயில் முக்கி, ஒழுகுவதற்குள் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொக்கு, ஃப்ரீசர், பிள்ளை ஆட்டிப் பார்த்த மண்டையோடு, பெருக்குகிறவள் கொண்டுவந்த காகிதம். இயக்குநர் நடுவில் புகுந்து, மேடத்துக்கு உடம்பு சரியில்லை, வாந்தி எடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்றார். தலைவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். வீட்டில் தன் மகள் அந்தக் கொக்கைப் பற்றி ஏதோ சொன்னாள், தான்தான் காதில் வாங்கவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். டாக்டர்தான் கேட்டார்.

"அப்போ கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"அந்த ரூம் போயிடும்னு பயந்தேன் சார்."

"இப்ப பயம் இல்லையா?"

"இருக்கு. ஆனா என்னப் பாத்தா எனக்கே குமட்டுது."

வண்டு அறையை என்ன செய்வது என்று அப்புறம் பேசலாம், முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார் டாக்டர். அவள் கதவுக்கு வெளியிலேயேதான் நின்றிருந்தாள், எல்லாம் கேட்டிருந்தது. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரச் சொன்னார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள். புழு மேடம் அதற்குள் வெளியே வந்து நடைவழியில் நின்றிருந்தாள். திரும்பிப் போகும்போது வழி குறுகலாக இருந்ததால் புழு மேடத்தை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். பெருக்குகிறவள் தன் சேலை நுனியை இழுத்து ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக ஒடுங்கி, மேலே படாமல் கடந்து போனாள். பேருந்தில், வீட்டில், கடைத்தெருவில் எத்தனையோ பேர் அப்படி ஒதுங்கிப் போயிருக்கிறார்கள், ஒருத்தர் செய்ததும் நியாயம் என்று புழு மேடத்துக்குத் தோன்றியதில்லை. இவள் செய்தது நியாயம்தான் என்று தோன்றியது.